பாயின்ட் சேர்கிறது, அப்புறம்? மருந்தாளுநர்களும் சி.பி.டி.யும்

வாசகர் கேள்வி, 4 பிப்ரவரி

மருந்துக் கவுண்டரில் நின்றே தலை நரைத்துவிட்டது. பதிவைப் புதுப்பிக்கப் போகும்போதெல்லாம் ‘தொடர் தொழில்முறை மேம்பாடு (சி.பி.டி.) செய்தாயா, பாயின்ட் எங்கே’ என்று கேட்கிறார்கள். வெபினாரை ஓடவிட்டு என் வேலையைப் பார்க்கிறேன். முடிந்ததும் சான்றிதழ் மெயிலில் வந்து விழுகிறது. இதனால் எந்த நோயாளிக்கு என்ன லாபம்? மனசார விரும்பி இதைச் செய்யும் மருந்தாளுநர் யாராவது இருக்கிறாரா, இல்லை எல்லாரும் என்னைப் போலத்தானா?

4 பிப்ரவரி, இரவு

பெரும்பாலும் உங்களைப் போலத்தான். வெபினாரை ஓடவிடாத கை எது?

ஆனால் கேள்வியை இரண்டாகப் பிரித்துக்கொள்வோம். படிப்பது பிடிக்கவில்லையா, படித்ததை எழுதிக் காட்டுவது பிடிக்கவில்லையா? சாதாரணமான ஒரு வேலை நாளை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமான மருந்து வரத்து நின்றுபோனால் மாற்று எது என்று தேடுகிறோம். புதிதாக வந்த ஊசிப் பேனாவைப் பிரித்து எந்தப் பக்கம் திருக வேண்டும் என்று பார்க்கிறோம். சிறுநீரகம் பழுதான ஒருவருக்கு எழுதியிருக்கும் டோஸ் சரியா என்று புத்தகத்தைப் புரட்டுகிறோம், மருத்துவருக்குப் போன் போடுகிறோம். இதையெல்லாம் யாரும் முணுமுணுக்காமல் செய்கிறோம். அதே நாள் இரவு உட்கார்ந்து ‘இன்று நான் கற்றது என்ன, அதனால் என் பணி எவ்வாறு மேம்பட்டது’ என்று கட்டத்தை நிரப்பச் சொல்லும்போதுதான் எரிச்சல் வருகிறது.

ஆகவே வெறுப்பெல்லாம் படிவத்தின் மேல். இதுதான் என் கட்சி. யாராவது மறுத்துப் பேசுங்கள்.

6 பிப்ரவரி

மறுத்துப் பேசச் சொன்னால் எல்லாரும் மணிக்கணக்கைத் திட்டிவிட்டுப் போயிருக்கிறீர்கள். இத்தனை மணி நேரம் உட்கார்ந்தால் இத்தனை பாயின்ட் என்பது பழைய தொடர்கல்வி முறை. சி.பி.டி. என்று பெயர் வைத்தபோது நினைத்தது வேறு. சர்வதேச மருந்தியல் கூட்டமைப்பு 2002இல் வெளியிட்ட அறிக்கையில், அறிவு, திறன், மனப்பான்மை மூன்றையும் பணிக்காலம் முழுவதும் முறையாகப் பேணி வளர்ப்பது அந்தந்த மருந்தாளுநரின் பொறுப்பு என்கிறது. எனக்கு எதில் குறை என்று பார், திட்டமிடு, செய், குறித்துவை, பலன் கிடைத்ததா என்று பார், மறுபடி முதலிலிருந்து. எங்கேயும் நாற்காலியில் உட்கார்ந்த நேரம் வரவில்லை.

நாட்டுக்கு நாடு இதை வேறு வேறு விதமாக வெட்டித் தைத்திருக்கிறார்கள். பிரிட்டனில் முன்பு ஆண்டுக்கு 9 பதிவுகள் கேட்டார்கள். 2018இல் அதை 6 ஆக்கினார்கள்: கற்றல் பதிவு 4 (அதில் குறைந்தது 2 முன்கூட்டியே திட்டமிட்டதாக இருக்க வேண்டும்), சக பணியாளரோடு கலந்துரையாடல் 1, சொந்தப் பணியை அசைபோட்டு எழுதுவது 1. ஆஸ்திரேலியாவில் ஆண்டுக்கு 40 கிரெடிட். ஆனால் எல்லா மணிக்கும் ஒரே விலை கிடையாது. சும்மா கேட்டுவிட்டு வந்தால் மணிக்கு 1, தேர்வு எழுதித் தேறினால் 2, கற்றதை வைத்துப் பணியிடத்தில் ஒன்றை மாற்றிக் காட்டினால் 3. கேட்டுவிட்டு வருவதை மட்டும் வைத்து 40ஐ நிரப்ப முடியாது, பாதிக்கு மேல் செல்லாது.

இந்த 1, 2, 3 ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. நம் சோம்பேறித்தனத்தை யாரோ நன்றாகப் படித்துவிட்டு எழுதிய விதி.

6 பிப்ரவரி, சற்று நேரம் கழித்து

கேட்டவருக்கு: ஆமாம், பிரிட்டனின் 6 பதிவுக்கு மணிக்கணக்கு கிடையாது. பத்து நிமிஷத்தில் கற்றதையும் எழுதலாம். பொய் எழுதுவது சுலபம் ஆகிவிடாதா என்றால், மணிக்கணக்கிலும் அது கஷ்டமாக இருந்ததில்லையே.

11 பிப்ரவரி

வெபினார் பார்க்கும் கலையை யாரும் எழுதிவைக்கவில்லை, நான் எழுதுகிறேன். கணினியில் ஒரு ஓரத்தில் வீடியோ, சத்தம் அணைத்து, வேகம் இரட்டிப்பு. மாத்திரை எண்ணும் தட்டு இன்னொரு பக்கம். நடுநடுவே ‘இன்னும் பார்க்கிறீர்களா’ என்று ஒரு பெட்டி குதிக்கும், எண்ணிக்கையை விடாமல் இடது கையால் தட்டிவிட வேண்டும். கடைசியில் வினா. நீளமான விடை எதுவோ அதுதான் சரி, ‘மேற்கண்ட அனைத்தும்’ இருந்தால் யோசிக்கவே வேண்டாம். தவறினாலும் பரவாயில்லை, சரியாகும்வரை திரும்பத் திரும்பப் போடலாம்.

இதில் மருந்தாளுநரை மட்டும் குற்றம் சொல்ல முடியுமா? வேலை நேரத்தில் படிக்க நேரம் தருவதில்லை, வேலை முடிந்தபின் உடம்பில் தெம்பு இல்லை. இந்த விஷயத்தை ஆராய்ந்த நாடுகளிலெல்லாம் மருந்தாளுநர்கள் சொல்லும் தடைகளில் நேரமின்மை கிட்டத்தட்ட எப்போதும் முன்வரிசையில் நிற்கிறது.

பயிற்சிக் கூட்டங்களால் ஒன்றும் ஆகாது என்று ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். அப்படியும் இல்லை. சுகாதாரப் பணியாளர்களுக்கான கூட்டங்கள், பட்டறைகளை எடுத்து, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2009இல் தொகுத்துப் பார்த்தது. சொல்லிக்கொடுத்தபடி நடப்பதில் கிடைத்த முன்னேற்றம் நடுமட்டமாக 6 சதவீதப் புள்ளி. பெரிதாக மார்தட்ட முடியாது, குப்பை என்றும் தள்ள முடியாது. வெறும் சொற்பொழிவாக இல்லாமல் பங்கேற்பவர்களும் கையைக் காலை அசைக்கும்படி கலந்து வைத்த கூட்டங்கள் கூடுதலாக வேலை செய்தன. சத்தம் அணைத்த வீடியோவை அவர்கள் தனியாக அளக்கவில்லை என்று நினைக்கிறேன்.

15 பிப்ரவரி

முதல் நாள் ‘வேலையிலேயே கற்கிறோம்’ என்று எழுதியது மனசில் உறுத்துகிறது. வேலை எதைக் கற்றுத்தரும்? கவுண்டருக்கு வருவதை மட்டும். வராத மருந்துச் சீட்டைப் பற்றி ஒன்றும் சொல்லாது. வந்தும் நான் கவனிக்காமல் விட்டதைப் பற்றி அதைவிட மௌனம்.

என்னையே எடுத்துக்கொள்கிறேன். பயிற்சித் தலைப்புகளின் பட்டியல் வந்தால் கண் தானாகச் சர்க்கரை நோய்க்குப் போகும். ஏன்? ஏற்கெனவே நன்றாகத் தெரியும், உட்கார்ந்து தலையாட்டலாம், பேச்சாளர் கேள்வி கேட்டால் பதில் சொல்லி நாலு பேர் திரும்பிப் பார்க்க வைக்கலாம். குழந்தைகளுக்கு எடை பார்த்து டோஸ் கணக்கிடும் வகுப்பைக் கண்டால் அடுத்த வரிக்குப் போய்விடுவேன். தேவை எங்கே இருக்கிறது என்று எனக்கும் தெரியும்.

இது என் ஒருவனின் வியாதி இல்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தின் டன்னிங், க்ரூகர் இருவரும் 1999இல் காட்டியது பிரபலம்: திறமை குறைந்தவர்களே தங்களை அதிகமாக எடைபோடுகிறார்கள். மருத்துவர்களைப் பற்றி 2006இல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் ஒரு தொகுப்பு வந்தது. தன்னைப் பற்றித் தானே சொன்னதையும் வெளியாள் அளந்ததையும் ஒப்பிட்ட இடங்கள் 20. அதில் 13இல் இரண்டுக்கும் பெரிய தொடர்பே இல்லை, சிலவற்றில் தலைகீழ். மிக மோசமான கணிப்பு யாருடையது என்று பார்த்தால், திறமை குறைந்தவர்கள், தன்னம்பிக்கை மிகுந்தவர்கள். மருந்தாளுநர்கள் வேறு மண்ணால் செய்யப்பட்டவர்கள் என்று எவராவது நினைத்தால், அவரைப் பற்றித்தான் அந்த ஆய்வு.

சி.பி.டி. சுழற்சியின் முதல் படியே ‘எனக்கு எதில் குறை என்று பார்’ என்பதுதான். பார்க்கச் சொல்கிற கண்ணிலேயே கோளாறு.

19 பிப்ரவரி

‘அடிப்படை மாறவா போகிறது, கல்லூரியில் படித்தது போதும்’ என்று எழுதியவருக்குக் கொஞ்சம் விலாவாரியாக.

மூக்கடைப்புக்கு வாய்வழியாகத் தரும் பினைல்எஃப்ரின் எத்தனை சளி மாத்திரைகளில் இருந்தது! அது வேலை செய்யவில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் ஆலோசனைக் குழு 2023 செப்டம்பரில் ஒருமனதாகச் சொன்னது. 2024 நவம்பரில் அதை நீக்கும் முன்மொழிவும் வந்தது (மூக்கில் அடிக்கும் ஸ்பிரே வேறு, அதற்கு இது பொருந்தாது). இருமலுக்கு ஃபோல்கோடின்: எடுத்துக்கொண்டவர்களுக்குப் பிற்பாடு அறுவைசிகிச்சை மயக்கத்தில் தசைத் தளர்வு மருந்து போடும்போது கடும் ஒவ்வாமை வரலாம் என்று தெரிந்து, ஐரோப்பிய மருந்து முகமை 2022 டிசம்பரில் விலக்கச் சொன்னது, 2023 மார்ச்சில் பிரிட்டனும் திரும்பப் பெற்றது. கோடீன்: சிலருடைய உடல் அதை மார்ஃபினாக மிக வேகமாக மாற்றிவிடும். 2017இல் எஃப்.டி.ஏ. 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு வலிக்காகவோ இருமலுக்காகவோ அதைக் கொடுக்கவே கூடாது என்றது. வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ரானிடிடின் கதை எல்லாருக்கும் தெரியும், 2019இல் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய என்.டி.எம்.ஏ. மாசு பற்றிய எச்சரிக்கை, 2020 ஏப்ரலில் மொத்தமாக எடுக்கச் சொன்னார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. திரும்பப் பெறும் மருந்து உங்களைத் தேடி வந்துவிடும், சுற்றறிக்கை வரும், அலமாரி காலியாகும். சத்தமில்லாமல் மாறுகிறவைதான் ஆபத்து. சர்க்கரை நோய் மருந்தான மெட்ஃபார்மினைச் சிறுநீரகம் தாங்குமா என்று ரத்த கிரியாட்டினின் அளவை வைத்து ஆம், இல்லை சொல்வது பழைய வழக்கம். 2016இல் எஃப்.டி.ஏ. அதை, சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் இஜிஎஃப்ஆர் கணக்குக்கு மாற்றியது: 30க்குக் கீழ் கூடாது, 30 முதல் 45 வரை புதிதாகத் தொடங்க வேண்டாம். பழைய அளவுகோலில் விலக்கப்பட்ட எத்தனையோ பேருக்குக் கதவு திறந்தது. இதற்காக எந்த அலமாரியும் காலியாகவில்லை. படித்தவருக்கு மட்டும் தெரிந்தது.

20 பிப்ரவரி

‘கல்லூரியில் படித்தது போதும்’ என்றவருக்கு நேற்று சொன்ன பதில் மூத்தவர்களைக் குத்துகிறதாம், சீனியர்களை இழுக்காதீர்கள் என்று கண்டனம். சரி. நான் பார்த்ததைச் சொல்கிறேன், அதில் இரு தரப்புக்கும் அடி உண்டு. என்னோடு இருந்த ஒரு மூத்தவர் பதிவேட்டில் ஒரு வரி எழுதியவர் இல்லை. ஆனால் ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர் புதிதாக எந்தச் சீட்டு கொண்டுவந்தாலும், கடைசி ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய ஆகும் நேரத்தின் அளவு) எப்போது பார்த்தீர்கள் என்று கேட்காமல் விடமாட்டார். இன்னொருவர் இளையவர், கோப்பு கோப்பாகப் பதிவு, வண்ண வண்ண வரைபடம். மெத்தோட்ரெக்சேட் சீட்டில் வாரம் ஒருமுறை என்பது (தினமும் எடுத்தால் உயிருக்கே ஆபத்து) தெளிவாக இல்லாதபோது போன் போட்டுக் கேட்கத் தயங்கியவர். படிவம் முதலாமவரைத் தோற்கடிக்கும், இரண்டாமவரைத் தேற்றும்.

22 பிப்ரவரி

மருத்துவமனையில் இருப்பவர்களுக்கு இதில் ஈடுபாடு அதிகம், கடையில் இருப்பவர்களுக்குக் குறைவு என்கிற பேச்சு ஆய்வுகளிலும் தென்படுகிறது. குணத்தால் வரும் வித்தியாசம் என்று எனக்குத் தோன்றவில்லை. மருத்துவமனையில் பக்கத்தில் ஒருவர் இருக்கிறார், சந்தேகம் கேட்கலாம், ரவுண்ட்ஸ் உண்டு, நூலகம் உண்டு. கடையில் தனி ஆள், கதவு திறந்துகொண்டே இருக்கும். அவரிடம் போய் ‘உங்கள் கற்றல் இலக்கு என்ன’ என்றால் வாய்விட்டுத் திட்டாமல் இருப்பதே பெரிய விஷயம்.

26 பிப்ரவரி

இந்தப் பயிற்சிகளெல்லாம் யார் காசில் நடக்கின்றன என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி, இதைத் தொடாமல் இந்தப் பேச்சு முழுமையடையாது.

பர்டியூ என்ற அமெரிக்க மருந்து நிறுவனம், ஆக்ஸிகான்டின் என்ற ஓபியாய்டு வலி மருந்தை விற்க ஆரம்பித்தது 1996. அதிலிருந்து 2002 ஜூலை வரை வலி மேலாண்மை பற்றிய 20,000க்கும் மேற்பட்ட கல்வி நிகழ்ச்சிகளுக்கு நேரடியாகவோ நிதி கொடுத்தோ ஆதரவு தந்தது என்று அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் 2003இல் பதிவு செய்திருக்கிறது. அடிமையாக்கும் அபாயத்தைக் குறைத்துக் காட்டிய விவகாரத்தில் 2007இல் அதன் இணை நிறுவனமான பர்டியூ ஃப்ரெட்ரிக் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அந்த நிகழ்ச்சிகளில் உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் நல்ல எண்ணத்தோடு படிக்க வந்தவர்களாகத்தான் இருந்திருப்பார்கள்.

ஆகவே ஆர்வமாகப் படிக்கும் மருந்தாளுநர் நல்லவர், ஓடவிடுகிறவர் சோம்பேறி என்று கோடு போட்டுவிட முடியாது. யார் நடத்துகிறார்கள் என்று பார்க்காத ஆர்வம் சோம்பலைவிடக் கெடுதல் செய்யும். இலவசப் பயிற்சி என்றால் நான் இப்போது முதலில் தேடுவது கடைசி ஸ்லைடில் இருக்கும் பொடி எழுத்து.

2 மார்ச்

திட்டியது போதும், பிடித்துப்போன பயிற்சி ஒன்றைச் சொல்லுங்கள் என்றால்: இன்ஹேலர்.

பேச்சு ஒன்றும் இல்லை. மேஜையில் மருந்தில்லாத மாதிரி இன்ஹேலர்கள், காற்றை இழுக்கும் வேகத்தை அளக்கும் ஒரு சிறு கருவி, வாயில் வைக்க ஆளுக்கொரு அட்டைக் குழாய். பயிற்றுநர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, ‘நோயாளிக்கு எப்படிச் சொல்வீர்களோ அப்படி நீங்களே செய்யுங்கள்’ என்றார். அறை முழுக்க மருந்தாளுநர்கள், தினமும் இதை விற்பவர்கள். ஸ்பிரே வகையைக் குலுக்காமல் வைத்தவர் உண்டு. மூச்சை வெளியே விடாமலே இழுத்தவர் உண்டு. அமுக்கிவிட்டு அப்புறம் மூச்சிழுத்தவர்கள் நிறைய, மருந்தெல்லாம் நாக்கிலும் தொண்டையிலும். ஒருவர் பொடி வகைக்குள் பலமாக ஊதினார், உள்ளே இருக்கும் பொடி வாயின் ஈரத்தில் கட்டிக்கொள்ளும்.

ஸ்பிரேவை மெதுவாக, ஆழமாக இழுக்கணும், இழுக்கத் தொடங்கும்போதே அமுக்கணும், பிறகு பத்து எண்ணும்வரை மூச்சைப் பிடிக்கணும். பொடி வகைக்கு நேர்மாறு, எடுத்த எடுப்பிலேயே வேகமாக, பலமாக. இந்த இரண்டும் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது, அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். தெரிந்ததற்கும் வாயில் குழாயை வைத்ததற்கும் நடுவே இருந்த தூரத்தை அந்தக் கருவியின் முள் காட்டியது.

அந்த வாரத்திலிருந்து எங்கள் இடத்தில் இன்ஹேலர் வாங்க வருபவரிடம் ‘எப்படி எடுக்கணும்னு தெரியுமா’ என்று கேட்பதை நிறுத்திவிட்டோம். எல்லாரும் தெரியும் என்பார்கள். ‘ஒருமுறை செய்து காட்டுங்கள்’ என்கிறோம்.

3 மார்ச்

அசைபோட்டு எழுதும் பதிவைச் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்து எழுதிவாங்குவது பற்றி: ஒன்றைப் படித்தேன். ‘இந்த அனுபவம் என் தொழில்முறைப் பயணத்தில் ஆழ்ந்த தாக்கத்தை ஏற்படுத்தியது’ என்று தொடங்கியது. விஷயம், ஃப்ரிட்ஜ் வெப்பநிலையைக் குறித்துவைப்பது. 2 முதல் 8 டிகிரி. அதில் ஆழ்ந்த தாக்கம்!

9 மார்ச்

என் கட்சியைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். வெறுப்பு படிவத்தின் மேல் என்றேன். இப்போது தோன்றுவது: படிவத்தில் ஒரே ஒரு கட்டத்தின் மேல். ‘என்ன படித்தாய்’ என்பதை நிரப்ப யாருக்கும் வலிப்பதில்லை. ‘அதனால் எதை மாற்றினாய், யாருக்குப் பயன்பட்டது’ என்ற இடத்தில்தான் பேனா நிற்கிறது. நிற்பதற்குக் காரணம் நேரமின்மை மட்டும் இல்லை, எழுத ஒன்றும் இல்லை. இன்ஹேலர் பயிற்சிக்கு அந்தக் கட்டம் தானாக நிரம்பியது. வெபினார்களுக்கு எத்தனை யோசித்தாலும் ‘விழிப்புணர்வு பெற்றேன்’ தவிர ஒன்றும் வரவில்லை.

சக பணியாளரோடு பேசுவதைப் பிரிட்டன் கட்டாயமாக்கியதை நிறையப் பேர் கேலி செய்கிறீர்கள், அரட்டைக்குப் பாயின்டா என்று. தன் குறை தனக்குத் தெரியாது என்று 15ஆம் தேதி புலம்பியதற்கு எனக்குத் தெரிந்து இருக்கும் மருந்து அது ஒன்றுதான். ஆளைத் தேர்ந்தெடுப்பதில் மட்டும் கவனம். உங்கள் முதலாளி வேண்டாம், அவரிடம் பலவீனத்தைச் சொல்லமாட்டீர்கள். நெருங்கிய நண்பரும் வேண்டாம், ‘விடு, எல்லாருக்கும் அப்படித்தான்’ என்பார். உங்கள் டோஸ் கணக்கை எடுத்து மறுபடி போட்டுப் பார்க்கத் தயங்காத ஒருவர் போதும். எனக்குக் கிடைத்தவர் குழந்தைகள் வார்டில் இருந்தவர். தலைப்பை நான் தேர்ந்தெடுக்க அவர் விடவில்லை.

14 மார்ச்

மாதிரிப் பதிவு கேட்டவர்களுக்கு. சிறியதுதான்.

‘தைராய்டு மாத்திரையின் (லெவோதைராக்சின்) டோஸ் ஏறிக்கொண்டே போயும் ஒரு பெண்ணின் டி.எஸ்.எச். (தைராய்டு குறைந்தால் ரத்தத்தில் ஏறும் அளவு) இறங்கவில்லை. காலையில் வேறென்ன எடுக்கிறீர்கள் என்று கேட்டேன். கால்சியம் மாத்திரை, இரண்டையும் ஒரே மடக்கில். கால்சியம் லெவோதைராக்சினை உடம்பில் சேரவிடாது, 4 மணி நேரம் இடைவெளி வேண்டும். மருத்துவருக்கும் தெரிவித்தேன். மாற்றியது: லெவோதைராக்சின் வாங்க வரும் எல்லாரிடமும், புதிதோ பழையதோ, காலையில் கூட எடுப்பது என்ன என்று கேட்கிறோம். பலன்: நேரம் மாற்றியபின் அடுத்த பரிசோதனையில் அளவு இறங்கியது, டோஸைக் குறைக்க வேண்டியிருந்தது.’

அவ்வளவே. எழுத ஆன நேரம் ஒரு சீட்டுக்கு மருந்து எடுத்துவைக்கும் நேரம்தான்.

15 மார்ச்

‘இது எல்லாருக்கும் தெரிந்ததுதானே, இதில் என்ன கற்றல்’ என்று முதலில் கேள்வி போட்டவரே வந்து கேட்கிறார். தெரிந்ததுதான். அந்தப் பெண் அதற்கு முன் எத்தனை கவுண்டர்களில் நின்றிருப்பார், எத்தனை பேருக்கு இது தெரிந்திருக்கும்!

இரும்புச்சத்து மாத்திரையையும் சேர்த்திருக்கலாம் என்று இன்னொருவர் சொன்னது சரி, அதற்கும் அதே 4 மணி நேரம். அந்தப் பெண்ணுக்கு இப்போது இரும்பும் எழுதியிருக்கிறார்கள். கால்சியமும் இரும்பும் ஒன்றையொன்று தடுக்கும் என்பதால் அவற்றையும் பிரிக்க வேண்டியிருந்தது. அட்டையில் எழுதிக் கொடுத்தது இப்படி: எழுந்ததும் வெறும் வயிற்றில் தைராய்டு, மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் இரும்பு, இரவுச் சாப்பாட்டோடு கால்சியம். அது கார்பனேட் வகை, சாப்பாட்டோடு எடுத்தால்தான் நன்றாகச் சேரும். சிட்ரேட் வகைக்கு மாற்றினால் அந்தக் கட்டுப்பாடு இல்லை, ஆனால் 4 மணி நேரக் கணக்கு அப்படியே இருக்கும்.